நீறு பூத்த அடுப்பு

யூதச் சமையல் என்று ஒன்று கிடையாது. போலந்து யூதன் சாப்பிட்டது போலந்துச் சாப்பாடு. பாக்தாத்காரன் சாப்பிட்டது பாக்தாத் சாப்பாடு. மட்டாஞ்சேரியில் தேங்காயும் மிளகும் அரிசியும். இத்தனை ஊர்க்காரர்களுக்கும் பொதுவாக இருந்தது ஒரு தடை. வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன்னாலிருந்து சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் தெரிகிற வரை நெருப்பு மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது. ஆனால் ஓய்வுநாள் சாப்பாடு வாரத்திலேயே உயர்ந்த சாப்பாடாகவும் இருந்தாக வேண்டும். இந்தச் சிக்கலுக்கு ஒவ்வொரு ஊரும் தன் கையில் இருந்த தானியத்தையும் விறகையும் வைத்துக்கொண்டு சொன்ன பதில்தான் இன்று யூதச் சமையல் என்று பெயர் பெற்றிருக்கிறது. உருவம், உள்ளடக்கம் என்று நம் சிறு பத்திரிகைகள் செலவழித்த மைக்குக் கணக்கில்லை. யாப்பு ஒன்றாகவே நிற்க, சொல் ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே போகும் இந்த உதாரணம் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. சாப்பாட்டைப் பற்றி எழுதுவது கௌரவக் குறைவு என்று நம் கவிஞர்களுக்கு ஒரு எண்ணம்.

ஹைனேவுக்கு அந்த எண்ணம் இல்லை. 1825-ல் ஞானஸ்நானம் பெற்று யூத மதத்தை விட்டவர் அவர். 1851-ல் வந்த ‘ரோமான்ஸெரோ’ தொகுப்பில் ஓய்வுநாளை இளவரசியாக வைத்து ஒரு நீண்ட கவிதை இருக்கிறது. வாரமெல்லாம் நாயாக அலைகிறவன் வெள்ளிக்கிழமை மாலை மனிதனாகி வீடு திரும்புகிறான். அந்தக் கவிதையில் ‘ஷாலெட்’ என்கிற சனிக்கிழமைப் பானைச் சாப்பாட்டைப் புகழ, ஷில்லரின் புகழ்பெற்ற மகிழ்ச்சிப் பாடலையே கேலியாகத் திருப்பிப் போடுகிறார். பாரிஸில் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்துக் கவிதைகள் அவை. மதம் கழன்று போன பிறகும் நாக்கில் பானை மிச்சம் இருந்திருக்கிறது.

கும்பகோணத்தில் என் வீட்டில் சில வருஷங்களாக வெள்ளிக்கிழமை ராத்திரிச் சமையல் என்னுடையது. ஒரு வெள்ளிக்கிழமை பாக்தாத், அடுத்தது ஏமன், அதற்கடுத்தது கொச்சி. நான் யூதன் இல்லை. ஜெபம் எதுவும் சொல்வதில்லை; எனக்குச் சொந்தமில்லாத சொற்களை வாயில் போட்டுக்கொள்வதில் ஒரு கூச்சம். தடையை மட்டும் கடைப்பிடிக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் அடுக்களையில் தீக்குச்சி கிழிப்பதில்லை.

இது தொற்றிக்கொண்டது மட்டாஞ்சேரியில். 1974-ல் எர்ணாகுளத்தில் எனக்கு உத்தியோகம். ஆபீஸ் சிநேகிதர் ஒருவர், யூதத் தெருவில் தனக்குத் தெரிந்த வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை படகில் அழைத்துக்கொண்டு போனார். உத்தரத்திலிருந்து தொங்கும் பித்தளை விளக்கு, தேங்காய் எண்ணெய். துணி போட்டு மூடிய இரண்டு ரொட்டிகள். திராட்சை ரசத்துக்குப் பதில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாறு. நல்ல திராட்சை விளையாத மண்ணில் சட்டம் இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறது. முதலில் மீன். பிறகு தேங்காய்ப்பாலில் வெந்த கோழி. நான் சாப்பாட்டின் கடைசியில், தஞ்சாவூர்க்காரன் புத்தி, மோர் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மாமிசம் சாப்பிட்ட இடத்தில் பால், தயிர், வெண்ணெய் எதுவும் வரக் கூடாது. தேங்காய்ப்பாலுக்குத் தடை இல்லை. பெயர்தான் பால், சட்டப்படி அது காய். பாக்தாத்துக்கும் போலந்துக்கும் கிடைக்காத ஒரு சௌகரியம் கொச்சிக்காரர்களுக்குத் தென்னை மரத்தில் காய்த்திருந்தது. மோர் இல்லாமல் நான் எழுந்த முதல் சாப்பாடு அது.

அந்தத் தெருவை ரொம்பவும் கனவாக்கிவிடக் கூடாது. 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தில் வெள்ளை யூதர் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள், அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சத்தாரைத் தங்களுக்குச் சமமாக உட்கார விடவில்லை. அந்த வம்சத்தில் வந்த வக்கீல் ஏ. பி. சேலம் காந்தியின் சத்தியாக்கிரகத்தைத் தன் சொந்த ஜெபாலயத்தின் மேலேயே பிரயோகித்தவர். 1967-ல் இறந்தார். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களிலேயே இஸ்ரேலுக்குப் போய் நெவாத்திம், மெசிலாத் ஸியோன் மாதிரிக் குடியிருப்புகளில் விவசாயிகளாகிவிட்டார்கள். மட்டாஞ்சேரியில் தங்கியவர்களில் சாரா கோஹன் 2019-லும் குவீனி ஹலேகுவா 2024-லும் காலமானார்கள். பத்து ஆண்கள் கூடினால்தான் கூட்டுப் பிரார்த்தனை. அந்தப் பத்துக்கு வெளியூர் விருந்தாளிகளை எதிர்பார்க்க ஆரம்பித்து வெகுகாலம் ஆகிவிட்டது. பானைக்கு இந்த எண்ணிக்கை வேண்டியதில்லை என்பது என் கட்சி.

பானையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெருப்பு மூட்டக் கூடாது. முன்னாலேயே மூட்டிய நெருப்பு தானாக எரியலாம். ரபிகளின் விளக்கம் இது. எட்டாம் நூற்றாண்டு வாக்கில் பாக்தாத் பக்கம் கிளம்பிய கரைட்டுகள் இதை ஏற்கவில்லை. எரிகிற நெருப்பும் கூடாது என்று இருட்டில் உட்கார்ந்து ஆறியதைச் சாப்பிட்டார்கள். (நம்முடைய பழையது கரைட்டுச் சாப்பாடு. மாவடுவும் சின்ன வெங்காயமும் கிடைத்திருந்தால் அவர்கள் கட்சி இன்னும் கொஞ்சம் பலமாக இருந்திருக்கலாம்.) அவர்களுக்குப் பதில் சொல்வது போலவே மற்றவர்கள் சனிக்கிழமை சுடச்சுடச் சாப்பிடுவதை ஒரு கொள்கையாக்கிக்கொண்டார்கள். ஹமின் என்கிற பெயருக்கே சூடு என்றுதான் வேர். போலந்தில் பீன்ஸும் பார்லியும் உருளைக்கிழங்கும் கறியும் போட்ட பானையை வெள்ளிக்கிழமை மாலை ரொட்டிக்கடை அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். மொராக்கோவில் கொண்டைக்கடலை, கோதுமை, ஓட்டோடு முட்டை. பாக்தாதில் ‘தபீத்’: அரிசி அடைத்த கோழி, சுற்றிலும் அரிசி, மேலே முட்டை. விடிவதற்குள் முட்டை பழுப்பாகிவிடும்.

அடுப்பின் கனலை வாரி எடுக்க வேண்டும், இல்லையென்றால் சாம்பலால் மூட வேண்டும் என்று விதி. கிளறிவிடும் ஆசை வரக் கூடாது என்பதற்காக. இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் உமி அடுப்பு ஞாபகம் வந்தது. உமிக்கு அவசரம் கிடையாது. ஒரு முறை பிடித்துக்கொண்டால் மேலே சாம்பல் மூடி உள்ளே ராத்திரி பூராவும் கணகணவென்று இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்பதை நாம் மனிதர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வெறும் உவமையாக்கிவிட்டோம். அது ஒரு சமையல் முறை. அரிசி மில்லிலிருந்து ஒரு மூட்டை உமி வாங்கிவந்து, கொல்லையில் பழைய அடுப்பை மெழுகி, வெண்கலப்பானையில் தபீத் வைத்தேன். பச்சரிசி விடிவதற்குள் கஞ்சியாகிவிடுகிறது. மோட்டாப் புழுங்கல்தான் நிற்கிறது.

இன்னொரு விதி, சூரியன் மறைவதற்குள் பானை குறைந்தபட்சம் ‘பென் திரொசாய்’ பக்குவமாவது அடைந்திருக்க வேண்டும். பென் திரொசாய் ஒரு கொள்ளைக்காரன். துரத்துகிறவர்களுக்குப் பயந்து எதையும் முழுசாக வேகவிட நேரம் இல்லாதவன், மூன்றில் ஒரு பங்கு வெந்ததுமே சாப்பிட்டுவிடுவான் என்று கதை. பாதி வெந்தது என்பார் மைமோனிடிஸ். ஒரு திருடனின் அவசரத்தைப் பக்தர்களின் அளவுகோலாக்கி நூற்றாண்டுகளாகத் தர்க்கம் பண்ணியிருக்கிறார்கள். நம் உரையாசிரியர்களை விட்டால் இந்தச் சுவாரஸ்யம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மீன் விஷயத்தில் காவிரி எனக்குச் சாதகம். செதிலும் துடுப்பும் உள்ள மீன்தான் ஆகும். கெண்டை, விரால் உண்டு. கெளுத்தி, விலாங்கு, இறால், நண்டு கிடையாது. ஓய்வுநாளில் வேண்டாததை வேண்டியதிலிருந்து பொறுக்கிப் பிரிப்பது தடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று என்பதால், முள் எடுப்பதும் கேள்விக்குரியதாகிவிடுகிறது. அதனால் கிழக்கு ஐரோப்பாவில் வெள்ளிக்கிழமை பகலிலேயே முள்ளை நீக்கி, சதையை அரைத்து உருட்டி வைத்தார்கள். அவர்களுடைய கார்ப் மீன் நம்முடைய கெண்டையின் ஒன்றுவிட்ட சகோதரன். கெண்டை முள்ளோடு மல்லாடிய எந்தத் தஞ்சாவூர்க்காரனுக்கும் இந்தச் சட்டத்தின் கருணை புரியும். கலீஷியாக்காரர்கள் சர்க்கரை போடுவார்கள், லித்துவேனியாக்காரர்கள் மிளகு. நான் லித்துவேனியா கட்சி. கூட ஏமன்காரர்களின் ‘ஸஹூக்’: பச்சைமிளகாய், கொத்தமல்லி, பூண்டு. அம்மியில் அரைத்த கொத்தமல்லித் துவையல்தான், புளி கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் மனசு ஒப்பவில்லை. ரொட்டிக்கு உள்ள ஆசீர்வாதம் அரிசிக்குக் கிடையாது. கோதுமை, பார்லி வகையறா ஐந்து தானியங்களில் செய்ததுதான் ரொட்டி. அரிசிக்கு ஒரு படி கீழே வேறு ஆசீர்வாதம். மூன்று போகம் விளைந்த மண்ணில் பிறந்தவனுக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

ஓய்வுநாளில் கூடாத வேலைகள் முப்பத்தொன்பது. முதல் பதினொன்றைப் படித்துப் பாருங்கள்: விதைத்தல், உழுதல், அறுத்தல், கட்டுக் கட்டுதல், போரடித்தல், தூற்றுதல், பொறுக்குதல், அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல். கோதுமை ரொட்டிக்கான பட்டியல். கடைசி இரண்டை எடுத்துவிட்டால் எங்கள் ஊர்ப் பஞ்சாங்கம். இந்த வேலைகளை எங்கள் பக்கத்தில் செய்தவர்கள் யார், ஓய்வு என்ற சொல்லை அவர்களிடம் யாராவது சொன்னதுண்டா என்ற கேள்வி தானாக வருகிறது. உபாகமம் ஓய்வுக்கு உரியவர்களை வரிசையாக எண்ணுகிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன். எருதுக்கு நாமும் வருஷத்தில் ஒரு நாள் மஞ்சள் பூசினோம். பண்ணையாளுக்கு வாரத்தில் ஒரு நாள் என்ற கணக்கைச் சின்ன வயசில் நான் கேட்டதேயில்லை. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனதன் பின்னால் இருந்தது நெல்லில் கொஞ்சம் கூடுதல் கூலி என்கிற வழக்கு. ஓய்வைக் கேட்கும் கட்டத்துக்கு யாரும் போகவே இல்லை.

அந்த வரிசையில் மனைவி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ‘நீ’ என்பதில் அவளும் அடக்கம் என்பார்கள் உரைகாரர்கள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் இரண்டு நாள் சமையலை முடிக்க ஓடியது யார் என்று உரையில் இல்லை. கல்கத்தாவில் பாக்தாதி யூதர் வீடுகளில் வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கை முழுசு முழுசாக எண்ணெயில் மணிக்கணக்காக நின்று பொரித்த சமையல்காரர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஒருவர் ஓய்ந்திருக்க இன்னொருவர் நின்றுகொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் இது நேராகவே வந்தது. தடையை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதென்றால் சனிக்கிழமை பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கும் ஓய்வு தர வேண்டும். “சனிக்கிழமை வர வேண்டாம், சம்பளம் பிடிக்கமாட்டோம்” என்று சொன்னேன். அந்த அம்மாள் என் மனைவியைப் பார்த்துச் சொன்னாள்: “ஏம்மா, ஐயா என்ன சொல்றாரு? ஞாயித்துக்கிழமை வந்து ரெண்டு நாளு பாத்திரத்தையும் சேத்துத் தேய்க்கணும். அதுவும் வெண்கலப்பானை, அடிப்பிடிச்சது. இதுக்குப் பேரு லீவா?”

தால்மூதில் இதற்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. இப்போது சனிக்கிழமை ராத்திரி, மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு (கும்பகோணத்தில் மேகம் இருந்தால் கடிகாரம்), கொல்லையில் விளக்கைப் போட்டுக்கொண்டு நான்தான் தேய்க்கிறேன். என் மனைவி திண்ணையில் உட்கார்ந்து, இன்னும் நன்றாக அழுத்தித் தேய்க்கச் சொல்கிறாள். அடுப்புச் சாம்பலே போதுமானதாக இருக்கிறது.

பாக்தாத் வீடுகளில் தபீத் பானையின் அடியில் பிடிக்கிற காந்தலுக்குப் போட்டி நடக்குமாம். எங்கள் வீட்டில் முன்பெல்லாம் காந்தலைச் சுரண்டிக் கொல்லைப்புறம் வருகிறவர்களுக்குப் போடுவார்கள். தேய்க்கிற அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, கோழியைவிட இது நன்றாயிருக்கிறது, எனக்கு எடுத்து வையுங்கள் என்றாள். என் மனைவிக்கும் அதன் ருசி தெரிந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானமே கரண்டியைப் போட்டுப் பாதியைச் சுரண்டிவிடுகிறாள். மீதிப் பாதியைக் கிண்ணத்தில் போட்டு மூடி வைக்கிறேன். பாதி சரியான பாதிதானா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேரும் என்னைத்தான் கேட்கிறார்கள்.