நம்ம வம்சத்துல யாருக்கும் கிடையாது



போன வாரம் சிதம்பரத்தில் அக்காவுக்குத் திதி. கடலூரிலிருந்து போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் அக்கா மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சித்தி, அம்மாவுக்கு வந்த மார்பகப் புற்றுநோய் எனக்கும் வருமா? வயல் மருந்தாலதான் வந்துச்சுன்னு மாமா சொல்றாரே?" என்று கேட்டாள். அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எங்கள் வயல் புவனகிரி பக்கம், வெள்ளாற்றை ஒட்டி. அப்பா பி.எச்.சி. பவுடரைத் துணியில் மூட்டை கட்டி, பயிர்மேல் தட்டிக்கொண்டே போவார். மறுநாளே அக்காவும் நானும் களையெடுக்க இறங்குவோம். அந்த நெடி இன்றும் நினைவிருக்கிறது.

அந்தப் பவுடர் எங்கே போனது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். 1980களின் கடைசியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் வெள்ளாற்று நீரையும் பரங்கிப்பேட்டைக் காற்றையும் சோதித்தார்கள். வயலில் போட்ட பி.எச்.சி.யில் 99 சதவீதத்துக்கு மேல் காற்றில் கலந்துவிட்டது. 1990இல் வெளியான ஆய்வில், தென்னிந்தியத் தாய்மார்களின் பாலிலும் பி.எச்.சி.யும் டி.டி.டி.யும் இருந்தன. இரண்டும் உடம்புக் கொழுப்பில் தங்குபவை. விவசாயத்துக்கு டி.டி.டி. 1989இலும், பி.எச்.சி. 1997இலும் தடை செய்யப்பட்டன.

இதனால் புற்றுநோய் வருமா? கலிபோர்னியாவில் 1960களில் பெண்களிடம் எடுத்து வைத்திருந்த ரத்தத்தைப் பின்னாளில் சோதித்தார்கள். 14 வயதுக்கு முன்பே டி.டி.டி. படத் தொடங்கி, ரத்தத்தில் அது அதிகம் இருந்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து ஐந்து மடங்கு என்று 2007இல் வெளியிட்டார்கள். மார்பகம் வளரும் வயதில் படும் நஞ்சுதான் பெரிய ஆபத்து என்பது அதன் பாடம். ஆனால் அக்காவுக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

அதே வயலில் நின்ற எல்லோருக்கும் வரவில்லையே? உடம்புக்கு உடம்பு மரபணு மாறுகிறது. நஞ்சை முறித்து வெளியேற்ற ஜி.எஸ்.டி. என்ற நொதிகள் உதவுகின்றன (கடை பில்லில் வரும் வரி அல்ல!). சிலருக்கு அவற்றில் ஒன்றுக்கான மரபணுவே பிறவியில் இருக்காது. ஆனால் அதை வைத்து யாருக்கு நோய் வரும் என்று சொல்லிவிட முடியாது. பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்ற மரபணுக்களில் பழுது இருந்தால் ஆபத்து மிகவும் கூடும். அது அப்பா வழியிலும் வரலாம். அப்படிப் பரம்பரையாக வருவது நூற்றுக்குச் சுமார் ஐந்து முதல் பத்துதான். நோய் வந்த பெண்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை.

இதை நான் அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். புளியங்கொட்டை அளவு கட்டியை அக்கா முதலில் என்னிடம்தான் காட்டினாள். வலி இல்லை என்றாள். "நம்ம வம்சத்துல யாருக்கும் கிடையாது, பயப்படாதே" என்று சொன்னவள் நான்தான். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளும் நம்பிவிட்டாள். பத்து மாதம் போய்விட்டது.

மகளே, அம்மாவுக்கு வந்திருப்பதால் உனக்கு ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. ஆனாலும் உன்னைப் போன்றவர்களில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. மரபணுச் சோதனை உனக்குத் தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

மற்றப் பெண்களுக்கும் சொல்கிறேன். முப்பது வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். வலியில்லாத கட்டி, தோலில் குழி, காம்பில் ரத்தக் கசிவு எது தெரிந்தாலும் அந்த வாரமே போங்கள். மருந்து தெளித்த வயலில் பெண் பிள்ளைகளை இறக்காதீர்கள். பயந்து தாய்ப்பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது குழந்தைக்கு நல்லது, தாய்க்கும் இந்த நோயின் ஆபத்தைக் குறைக்கிறது.

திங்கட்கிழமை அக்கா மகளை நானே அழைத்துக்கொண்டு போகிறேன். நானும் பரிசோதித்துக்கொள்ளப் போகிறேன். எனக்கும் அதே வயல், அதே ரத்தம்தானே.

அன்புடன்,
உங்கள் டீச்சர்