கொக்கியும் குடுவையும்

கொக்கி ஒன்றரை முழம் இருக்கும். கட்டடக் கம்பியை வளைத்து, நுனியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கியது. பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அந்த அக்கா அதைக் குப்பை மூட்டையில் குத்துவதே இல்லை. ஓரத்தில் கொடுத்து ஒரே இழுப்பில் கிழிக்கிறார். "குத்துனா உள்ள பாட்டில் இருந்தா ஒடஞ்சு மூஞ்சில தெறிக்குமுங்க" என்றார், நான் கேட்காமலே.

வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம், தென்னந்தோப்புகளுக்கு நடுவே பழைய கிராவல் குழி. ரோட்டு வேலைக்குச் சரளை அள்ளிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன இடம். ராத்திரியில் லாரி வந்து குப்பை கொட்டியதாகத் தோப்புக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து உதவிப் பொறியாளர், வி.ஏ.ஓ., ஒரு போலீஸ்காரர், அக்காவோடு சேர்த்து ஊராட்சித் தூய்மைப் பணியாளர்கள் மூன்று பேர். ஒட்டிக்கொண்டு நானும்.

தேடுவது குப்பை புறப்பட்ட இடத்தின் முகவரியை. மலையாளப் பேப்பர் கிடைத்ததும் நான் குதித்தேன். பொறியாளர் கண்டுகொள்ளவே இல்லை. பழைய பேப்பர் எடைக்குப் போய் எந்த ஊருக்கும் வரும். அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. வேண்டியது மின் ரசீது, கூரியர் உறை, மருந்துச் சீட்டு. ஆஸ்பத்திரிப் பை என்றால் பார்கோடு. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி அது இல்லாமல் பை வெளியே போகக் கூடாது. சதை, கட்டுத்துணி மஞ்சளில், குழாய், சலைன் பை சிவப்பில், ஊசி, குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். சதை, கட்டுத்துணியை 48 மணி நேரத்துக்கு மேல் அப்படியே வைத்திருக்கக் கூடாது. கள்ளத்தனமாகக் கொட்டுகிறவன் பார்கோடு ஒட்டிக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் எங்கோ ஒரு மூட்டையில் ஒரு சீட்டு தங்கிவிடும். 2024 டிசம்பரில் நெல்லை நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டியதைத் திருவனந்தபுரம் மருத்துவமனைகளோடு முடிச்சுப்போட்டதும் அப்படிப்பட்ட காகிதங்கள்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட, 22-ஆம் தேதி கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. அன்று டி.வி.யில் லாரிகளைத்தான் காட்டினார்கள். மூட்டை கிழித்தவர்களை எந்தச் சேனலிலும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இதில் எனக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு. பாலக்காட்டிலேயே, மலம்புழா பக்கம், இந்திய மருத்துவச் சங்கத்தின் 'இமேஜ்' நிலையம் மருத்துவக் கழிவை எரிக்கிறது. அப்புறம் எதற்கு இந்தக் குழி? போலீஸ்காரர் சிரித்தார். அங்கே போனால் காசு, கணக்கு. காய்கறி இறக்கிவிட்டுச் சும்மா திரும்பும் வண்டியில் ஏற்றிவிட்டால் டீசல் காசோடு போயிற்று. வாளையார், கோபாலபுரம் மட்டுமில்லை, இடுக்கிப் பக்கம் குமுளி, கம்பம்மெட்டு இறக்கத்திலும் இதே கதைதான் என்றார். கேரளக் குப்பை மட்டும்தான் கெட்டது என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆனால் பாறைக்குழியில் குப்பை கொட்டாதே என்று திருப்பூர்க்காரர்கள் போராடியது அவர்கள் சொந்த ஊர்க் குப்பைக்கு எதிராக.

கிழிக்கிற வேலை முடியும்போது பொறியாளரின் வேலை ஆரம்பித்தது. கசிவுநீரைக் குடுவையில் பிடித்தார். உலோகம் பார்க்க வேண்டிய குடுவையில் மட்டும் நைட்ரிக் அமிலம் சில சொட்டு. இல்லாவிட்டால் உலோகம் குடுவைச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, இடத்துக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னால் மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த முறை தவறினால் கோர்ட்டில் அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீர்தான். கைவிட்ட குழிக்கு இடத்துக்காரர் யார்? வி.ஏ.ஓ. பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

மாதிரி எடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பக்கத்திலேயே கதை உண்டு. இங்கிருந்து தெற்கே, கேரளத்தின் பெருமாட்டி ஊராட்சியில் இருக்கிறது பிளாச்சிமடை. 2000-இல் வந்த கொக்கோகோலா ஆலை தன் கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்தது. 2003-இல் பி.பி.சி. வானொலிக்காரர்கள் சோதிக்கக் கொடுத்ததில் காட்மியமும் ஈயமும் வந்தன. கேரள வாரியமும் இறங்கியது. முதலில் எடுத்த மாதிரியில் காட்மியம் வரம்பைத் தாண்டியது. பிறகு எடுத்ததில் வரம்புக்குள் என்றார்கள். சேறு அதே ஆலைச் சேறுதான். எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில், யார் கை போட்டார்கள் என்பதை வைத்து எண் மாறும். அந்த ஊர் மயிலம்மாவும் மற்ற எரவாளர் பழங்குடிப் பெண்களும் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துச் சொன்னதற்குச் சீல் கிடையாது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

இங்கே மூன்று குடுவை நிரம்பியது. ஐஸ் பெட்டியை மூடி, டேப் ஒட்டியாயிற்று. அக்கா இன்னும் குழிக்குள்ளேயே நின்றார். கொக்கியை நீட்டிக் கிழக்கு மூலையைக் காட்டினார். நாங்கள் நின்ற இடத்தைவிட அது ஓராள் பள்ளம். முட்செடி மறைத்திருந்தது.

"தண்ணி பூராம் அங்கதானுங்க போய் நிக்குது சார். அங்க எடுக்கலீங்களா?"

பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தச் சரிவைப் பார்த்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, டேப்பை நகத்தால் கிளப்ப ஆரம்பித்தார்.