கரடிக்கு வசனம் இல்லை

தமிழில் கரடிக்கு நல்ல பெயர் கிடையாது. இரண்டு பேர் ரகசியமாகப் பேசும் இடத்தில் மூன்றாவது ஆள் நுழைந்தால் அவர் சிவ பூஜையில் கரடி. நம்ப முடியாத கதை சொன்னால், 'சும்மா கரடி விடாதே'. ஒருவர் தன் துறையில் கரை கண்டுவிட்டால் மட்டும் பத்திரிகைகள் அவருக்கு 'ஜாம்பவான்' பட்டம் கொடுக்கும். ராமாயணத்து ஜாம்பவான் யார்? கரடிகளின் அரசன். அந்தக் கணக்கில் நாடக ஜாம்பவான் ஷேக்ஸ்பியரும் ஒரு கரடிதான்.

இந்தக் கரடியை நான் விடுவதற்குக் காரணம் எங்கள் காலனியின் மாலைப் படிப்பகத்துப் பிள்ளைகள். மே மாத விடுமுறையில் நாடகம் போட வேண்டுமாம். அதில் மிருகம் கட்டாயம் இருக்க வேண்டுமாம். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் கரடி வருகிறது என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

"கரடி என்னக்கா பேசும்?" என்றாள் ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்.

"பேசாது."

"அப்புறம் எதுக்கு வருது?"

சமூகவியலில் முதுகலை படித்தவள் நான். விளிம்புநிலை, குரலற்றோர் என்றெல்லாம் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியிருக்கிறேன். அவள் கேட்டதற்கு உடனே பதில் வரவில்லை.

அந்த நாடகம் 'தி வின்டர்ஸ் டேல்'. குளிர்காலக் கதை. சிசிலியாவின் அரசன் லியாண்டிஸ், ஆதாரமே இல்லாமல் மனைவி மீது சந்தேகப்படுகிறான். அவளுக்குப் பிறந்த பெண் குழந்தையைத் தூர தேசத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் போட்டுவிட்டு வரச் சொல்லி, ஆன்டிகோனஸ் என்ற பிரபுவிடம் கொடுக்கிறான். ஆன்டிகோனஸ் கெட்டவன் இல்லை. குழந்தைக்காக வருத்தப்படுகிறான். ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே. கப்பலேறிப் போய், கரையில் குழந்தையைக் கிடத்துகிறான். அப்போது கரடி வருகிறது. அவன் வெளியேற வேண்டும், பின்னால் கரடி துரத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஐந்தே சொற்களில் ஒரு மேடைக் குறிப்பு. கரடியின் பாத்திரம் அவ்வளவுதான். உலக நாடக வரலாற்றில் இத்தனை புகழ்பெற்ற மேடைக் குறிப்பு வேறு இருக்கிறதா என்பது சந்தேகம்.

அதுவரை கண்ணீராக ஓடிய கதை அந்த இடத்தில்தான் திரும்புகிறது. ஆடு மேய்க்கும் கிழவர் ஒருவர் குழந்தையைக் கண்டெடுக்கிறார். பிரபுவைக் கரடி தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்த அவருடைய மகன் அதை விவரிக்கும் விதத்தில் சிரிப்பு வந்துவிடும். அரண்மனை வீசி எறிந்த பிள்ளை ஆடு மேய்ப்பவர் வீட்டில் வளர்கிறாள்.

ஷேக்ஸ்பியரின் குழுவுக்கு இரண்டு அரங்குகள் இருந்தன. குளிர்காலத்துக்குக் கூரை போட்ட பிளாக்ஃபிரையர்ஸ். கோடைக்குத் தேம்ஸ் நதியின் தென்கரையில் நடுவே வானம் தெரியும் குளோப். குளிர்காலக் கதை நடந்ததற்குக் கிடைக்கும் முதல் பதிவு 1611 மே 15, அதுவும் குளோபில். என் ஆராய்ச்சி முடிவு: குளிர்காலத்தில் கரடி தூங்கப் போய்விடும், கால்ஷீட் கிடைக்காது. அன்றைக்கு நாடகம் பார்த்து எழுதிவைத்தவர் சைமன் ஃபோர்மன் என்ற சோதிடர். மேடையில் வந்த திருடனைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆனால் கரடியைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் ஊர் முதல் தகவல் அறிக்கைகளைப் படித்துப் பழகிய எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

கரடியாக வந்தது யார் என்று அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். தோல் போர்த்திய மனிதர் என்பார்கள் பலர். அந்தச் சமயத்தில் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டிருந்த பனிக்கரடிக் குட்டிகளில் ஒன்றாக இருக்கலாம் என்பார்கள் சிலர். என் கல்லூரியில் மட்டும் இந்தச் சந்தேகமே எழவில்லை. அங்கே கரடி நான்தான்.

பெண்கள் கல்லூரி. ஆண்டு விழா நாடகத்துக்கு ஆள் எடுத்தார்கள். நாடகம் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ராணி ஹெர்மியோனியின் நீதிமன்றப் பேச்சைச் சொல்லிக் காட்டத் தயாராக நின்றேன். பயிற்சி கொடுத்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கரடி வேஷம் குடுத்துடலாம், மேக்கப் செலவு மிச்சம்" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். இதைப் படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு அந்தச் சிரிப்பு தெரிந்திருக்கும். சிரிக்காவிட்டால் 'இவங்களுக்கெல்லாம் ஒரு ஜோக்கைக்கூடத் தாங்க முடியாது' என்பார்களே என்ற பயத்தில் வரும் சிரிப்பு.

கோணிப்பையில் கறுப்புச் சாயம் போட்ட தேங்காய் நாரை ஒட்டிக் கரடித் தோல் தைத்தார்கள். மார்ச் மாத வெயில். உள்ளே நான் அவிந்துகொண்டிருந்தேன். கரடி வருவதற்கு முந்தைய காட்சிதான் ராணியின் நீதிமன்றக் காட்சி. ராணியாக நின்ற பெண்ணுக்குப் பாதியில் வசனம் மறந்துவிட்டது. பக்கத் திரைக்குப் பின்னால் தயாராக நின்ற கரடி, ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தது. அன்றைக்குக் கைதட்டல் வாங்கிய பேச்சு முழுக்க என் மூச்சில் போனது. கரடிகள் ஷேக்ஸ்பியர் பேசியிருக்கின்றன, தோழர்களே. நானே சாட்சி.

வீட்டில் அம்மா கேட்டார்: "என்னா வேசம் கட்டுன?"

"ராணி வேசம்மா" என்றேன்.

பிற்பாடு குளோப் இருந்த இடத்தைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தக் கரடியின் கதை முழுசாகத் தெரிந்தது. லண்டன் மாநகராட்சியின் அதிகாரத்துக்கு வெளியே இருந்த பகுதி அது. நாடக அரங்குகள், விபச்சார விடுதிகள், சிறைகள் எல்லாம் அங்கேதான். கூடவே கரடித் தோட்டம். கரடியைக் கம்பத்தில் சங்கிலியால் கட்டி, வேட்டை நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். கரடி விலை அதிகம் என்பதால் பெரும்பாலும் சாக விடமாட்டார்கள். காயம் ஆறினால் மறுபடி கம்பம். அரங்குக்கும் கரடித் தோட்டத்துக்கும் முதலாளிகள் ஒரே ஆட்கள். அரங்கு உரிமையாளர் ஃபிலிப் ஹென்ஸ்லோவும், அந்தக் காலத்தின் பெரிய கதாநாயக நடிகர் எட்வர்ட் ஆலினும் 1604இல் அரசரின் கரடிகளுக்கு அதிகாரிகளாகப் பதவி பெற்றார்கள். 1614இல் திறந்த ஹோப் அரங்கில் மேடையைக் கழற்றி மாட்டலாம். சில நாள் நாடகம், சில நாள் கரடி. அங்கே அரங்கேறிய தன் நாடகத்திலேயே பென் ஜான்சன் அந்த இடத்தின் நாற்றத்தைக் கிண்டல் செய்திருக்கிறார்.

கரடிகளுக்குப் பெயர்களும் இருந்தன. ஸாக்கர்ஸன், ஜார்ஜ் ஸ்டோன், ஹாரி ஹங்க்ஸ். ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் ஒருவன், ஸாக்கர்ஸனின் சங்கிலியைப் பிடித்திருக்கிறேன் என்று ஒரு பெண்ணிடம் பீற்றிக்கொள்வான். கட்டிப்போட்ட கரடியின் சங்கிலியைப் பிடிப்பதும் வீரம்தான். அப்படிப்பட்ட வீரர்களை நம் ஊரிலும் பார்க்கிறோம்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி பார்த்தார். நாடக ஆசிரியர் தாமஸ் டெக்கர். 1609இல் எழுதிய சிறுநூலில், கண் தெரியாத கரடியைக் கம்பத்தில் கட்டிச் சாட்டையால் ரத்தம் வர அடிப்பதைக் கண்டதை விவரிக்கிறார். லண்டனின் சாட்டையடிக் கம்பங்களுக்கு இழுத்துச் செல்லப்படும் பட்டினி ஏழைகளைப் பார்க்கும்போது எழும் இரக்கம் தனக்கு அங்கேயும் எழுந்தது என்கிறார். நாய்களோடு கரடி போராடுவது, பணக்காரர்கள் மீது ஏழை வழக்குப் போடுவது போல் இருந்தது என்றும் எழுதுகிறார். வன்கொடுமை வழக்குகளுக்காக நீதிமன்ற வாசலில் வருஷக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களோடு நின்றவள் நான். நானூறு ஆண்டுக்கு முந்தைய அந்த உவமையில் எதையும் திருத்தத் தோன்றவில்லை.

பிறகு தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள் ஆட்சிக்கு வந்து இந்த விளையாட்டை நிறுத்தினார்கள். எப்படி? 1656இல் கரடிகளைச் சுட்டுக் கொன்று. கரடிக்கு வலிக்கிறது என்பதற்காக அவர்கள் இதை வெறுக்கவில்லை, பார்ப்பவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறதே என்றுதான் வெறுத்தார்கள் என்று பிற்காலத்தில் ஒருவர் கிண்டலடித்தார். அந்த ஒருவர் யார் தெரியுமா? நம் மெக்காலே. சிலர் திட்டித் தீர்க்கும், நம்மில் சிலர் கொண்டாடும் அதே மெக்காலே. அவர் இந்தியாவுக்கு ஆங்கிலக் கல்வியைப் பரிந்துரைத்துக் குறிப்பு எழுதியது 1835இல். கரடிகள் மீது நாய்களை ஏவும் விளையாட்டைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்ததும் 1835இல்தான். அதாவது ஒரே வருஷத்தில் கரடிக்கு விடுதலை, நமக்கு ஷேக்ஸ்பியர்.

விடுதலையான கரடிகள் ஒரு நாடகக் குழு தொடங்கியிருந்தால்? கோடையில் மட்டும்தான் நாடகம். குளிர்காலம் முழுக்க விடுப்பு. ஹாம்லெட்டாக நடிக்கும் கரடி, அந்தப் புகழ்பெற்ற தனிமொழியில் தூக்கம் என்ற சொல் வந்ததும் நிஜமாகவே படுத்துவிடும். அடுத்த காட்சி பங்குனியில். ரோமியோ மாடத்துக்கு ஏறுவதில் சிரமம் இருக்காது. வழியில் தேன்கூடு இருந்தால் ஜூலியட் காத்திருக்க வேண்டியதுதான். மக்பெத் வேஷத்துக்கு அடிதடியே நடக்கும். எதிரிகள் சூழ்ந்ததும் மக்பெத் தன்னைக் கம்பத்தில் கட்டிய கரடியோடு ஒப்பிட்டுக்கொள்கிறான். ஸாக்கர்ஸன் ஒத்திகையை நிறுத்திக் கேட்கும்: "என்னை வெச்சு உவமை எழுதினீங்க, சரி. சம்பளம் எங்கே?" ஒதெல்லோ நாடகத்திலோ பனிக்கரடிக்கு முகத்தில் கரி பூசி நிறுத்துவார்கள், கறுப்புக் கரடிகள் திரை இழுக்கும். இது கற்பனைகூட இல்லை. 1965இல் வந்த திரைப்படத்தில் லாரன்ஸ் ஒலிவியர் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டுதான் ஒதெல்லோவாக நடித்தார்.

கரடி ஷேக்ஸ்பியர் நடிக்கிறது என்று கேட்டதும் ஏன் சிரிப்பு வருகிறது? அதற்கெல்லாம் இது வராது என்று நாம் முன்பே முடிவு செய்திருப்பதால். என் கல்லூரி அறை சிரித்ததும் அதனால்தான். நான் இப்போது கரடிகளை வைத்து எழுதிச் சிரிக்கும்போது அதே கேலி திசை மாறுகிறது. கரடி பேசுகிறது, சங்கிலியைப் பிடித்திருப்பவன் அசடு வழிகிறான். இளைஞர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். இயக்கத்துக்கு வந்துவிட்டோம் என்று சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். கேலியில் யார் கம்பத்தில் நிற்கிறார், யார் கையில் சாட்டை என்று பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

பிள்ளைகளின் நாடகப் பேச்சு வந்த அன்று இரவு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பதினைந்து வருஷமாக 'எம்பொண்ணு காலேஜில ராணி வேசம் கட்டுச்சு' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"ராணி இல்லம்மா. கரடி."

"ஜாம்பவானா?"

"இல்லம்மா, சும்மா கரடி. வசனம்கூட இல்ல. ஒருத்தன தொரத்திட்டுப் போவணும், அவ்ளோதான்."

"யார தொரத்துன?"

கதையைச் சொன்னேன். திரௌபதி அம்மன் கோயில் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர். வேஷத்தின் கனம் அவருக்குத் தெரியும். வெற்றிலையை மடித்தபடியே கேட்டு முடித்தார்.

"பச்சப் புள்ளைய கொண்டாந்து போட்டவன தொரத்துன. புள்ளைய தொடல."

"ஆமாம்மா."

"அப்ப நல்ல வேசம்தானடி. இதுக்குப் போயி ஏன் பொய் சொன்ன?"

பதினைந்து வருஷமாக நான் பார்க்காததை அவர் ஒரு வெற்றிலை மடிக்கும் நேரத்தில் பார்த்துவிட்டார். கோணிப்பையையும் தேங்காய் நாரையும் அந்த ஜோக்கையும் மட்டுமே நான் நினைவில் வைத்திருந்தேன். கரடி என்ன செய்தது என்று யோசிக்கவே இல்லை.

மறுநாள் பிள்ளைகளுக்கு அதே கதையைச் சொன்னேன். கரடிக்கு வசனம் வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். ஆறாம் வகுப்புக்காரியே எழுதிக் கொடுத்தாள்: "குழந்தைய வெச்சிட்டு ஓடு!" அடுத்த பிரச்சினை வேஷம். எல்லோருக்கும் கரடிதான் வேண்டுமாம். ஒன்பது பேர் கரடியாகிவிட்டார்கள். ஆன்டிகோனஸாக நடிக்க ஒருவரும் முன்வரவில்லை.

"நீங்களே நடிங்கக்கா. நீங்கதான் எப்பப் பார்த்தாலும் 'மேல சொல்லிருக்காங்க, நான் என்ன பண்றது'ன்னு சொல்வீங்க."

மறுக்க முடியவில்லை. சான்றிதழ் இல்லையென்று எத்தனை பேரை 'அடுத்த வாரம் வாங்க' என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

ஆகவே இந்த மே மாதம், எங்கள் படிப்பகத்துக்கு முன்னால் உள்ள வேப்பமரத்தடியில், மாலை ஐந்து மணி வெயிலில், முப்பது வயதைக் கடந்த ஒரு சமூகப் பணியாளரை ஒன்பது கரடிகள் துரத்தப்போகின்றன. இப்போதிருந்தே ஓடிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.