மலையில் போட்ட பணம்

வாளையாறைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் கஞ்சிக்கோடு. உருக்காலைகளும் லாரிகளுமாக இரையும் தொழிற்பேட்டை. சற்றுத் தள்ளி, மலையடிவாரத்தில் 2015இல் தொடங்கப்பட்ட பாலக்காடு ஐ.ஐ.டி.யின் வளாகம். புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்குக் கைகொடுக்கவும் அங்கே ஏற்பாடு உண்டு. நாட்டின் பிற தொழில்நுட்ப வளாகங்களைப் போலவே இங்கும் உலவும் கனவு: ஒரு செயலி, அதில் பணம் போட ஒரு முதலீட்டாளர்.

இன்னும் ஒரு ரூபாய் லாபம் காட்டாத செயலியில் கோடிகளைக் கொட்டுவது விவேகமா, சூதாட்டமா? எல்லையோர மலைகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று தமிழகத்துக்குள் போய், சின்னாறு, மறையூர் வழியாக மீண்டும் கேரளத்தில் ஏறும் சாலை மூணாறில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே சரிவு சரிவாகத் தெரியும் தேயிலை, நிச்சயமில்லாத தொழிலில் போட்ட பணத்தின் விளைச்சல்.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து சுமார் 227 சதுர மைல் மலைநிலத்தைக் குத்தகைக்கு எடுத்தபோது, அங்கே எது லாபம் தரும் என்று யாருக்கும் தெரியாது. 1879இல் தோட்ட முதலாளிகள் சங்கம் அமைத்தார்கள். காப்பி, சிங்கோனா, ஏலம், சிசால் கற்றாழை என்று மாற்றி மாற்றிப் பயிரிட்டார்கள். மலேரியா மருந்துக்கான சிங்கோனாப் பட்டை, ஜாவாவிலிருந்து சரக்கு வந்து குவிந்ததும் விலை சரிந்தது. 1880இல் ஏ.எச். ஷார்ப் பார்வதி எஸ்டேட்டில் சோதனையாக நட்ட தேயிலைதான் கடைசியில் நிலைத்தது.

ஆனால் பெரிய லாபம் முதலில் வந்தவர்களுக்குப் போகவில்லை. 1895இல் நுழைந்த ஃபின்லே மியூர் நிறுவனம் தனித்தனி எஸ்டேட்டுகளை வாங்கிச் சேர்த்தது. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி பிறந்தது. 1924 வெள்ளம் மலை ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போன பிறகும் அதனால் தாக்குப்பிடிக்க முடிந்தது. காடு திருத்தியதும் கன்று நட்டதும் தமிழ்க் கூலிகள். அவர்கள் பணயம் வைத்த உயிருக்குப் பங்குப் பத்திரம் ஏதும் கிடைக்கவில்லை.

இதே இடுக்கி மாவட்டத்தில் நூறாண்டுக்குப் பின் இன்னொரு பந்தயம் நடந்தது. 2000 ஏப்ரலில் ஹுடா புயல் மடகாஸ்கரின் வெனிலாத் தோட்டங்களைத் தாக்கியது. உலகச் சந்தையில் விலை ஏறியது. 2003 வாக்கில் கேரளத்தில் ஒரு கிலோ பச்சைக் காய் 3,000 ரூபாயைத் தாண்டியது. மிளகுக்கும் ஏலத்துக்கும் விலை இல்லாமல் தவித்த சிறு விவசாயிகள் வெனிலாக் கொடிக்கு மாறினார்கள். காய்களைத் திருடர்களிடமிருந்து காக்க இரவில் கண்விழித்தார்கள்.

வெனிலா பொறுமையைச் சோதிக்கும் பயிர். நட்டுப் பூக்க மூன்று ஆண்டாகும். பூவை ஒவ்வொன்றாகக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். காய் முற்ற இன்னும் ஒன்பது மாதம். விலை உச்சத்தில் நட்டவரின் காய் சந்தைக்கு வந்தபோது மடகாஸ்கர் மீண்டுவிட்டிருந்தது. ஐஸ்கிரீம் கம்பெனிகள் செயற்கை வெனிலாவுக்குத் திரும்பியிருந்தன. விலை 100 ரூபாய்க்கும் கீழே போனது. நல்ல காசு பார்த்தவர்கள், உச்சத்தில் கொடித்துண்டு விற்றவர்கள்தான்.

செயலிகளில் பணம் போடும் பெரிய நிதிகளின் கணக்கு மூணாறின் கணக்கு. பத்தில் பெரும்பாலானவை போனாலும் ஒன்று தேறினால் போதும். தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸ் 2001இல் சீனாவின் டென்சென்டில் சுமார் 3.2 கோடி டாலர் போட்டது. பின்னாளில் அந்தப் பங்கின் மதிப்பு 10,000 கோடி டாலரையும் தாண்டியது. கண்ணூர்க்காரர் பைஜு ரவீந்திரன் தொடங்கிய பைஜூஸ், 2022இல் 2,200 கோடி டாலராக மதிப்பிடப்பட்டது. 2024 ஜூலையில் அதன் மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. அதில் முதலீடு செய்திருந்த ப்ரோசஸ், அதே நாஸ்பர்ஸின் துணை நிறுவனம். 2024இல் அது தன் பைஜூஸ் பங்கின் மதிப்பைப் பூஜ்யமாக்கியது. ஆனாலும் நிறுவனம் நிமிர்ந்தே நிற்கிறது.

ஆகவே, நிச்சயமில்லாததில் பெரும்பணம் போடுவது அதனாலேயே முட்டாள்தனம் ஆகிவிடாது. பல பயிர் நடவும், ஒன்று பட்டுப்போனால் அடுத்ததற்குக் காத்திருக்கவும் வசதி உள்ளவருக்கு அது நியாயமான வியாபாரம். இருக்கிற ஒரே ஏக்கரையும் ஒரே கொடிக்குக் கொடுத்தவருக்குத்தான் அது சூதாட்டம்.

இப்போது அந்த ஒரு ஏக்கர்க்காரரும் செயலிச் சந்தைக்கு வந்துவிட்டார். 2021 நவம்பரில் பேடிஎம் பங்கு 2,150 ரூபாய்க்கு விற்கப்பட்டது. பட்டியலிட்ட முதல் நாளிலேயே சுமார் 27 சதவீதம் விழுந்தது. விற்றவர்களில் பழைய முதலீட்டாளர்களும் உண்டு. வாங்கியவர்களில் சிறு சேமிப்பாளர்களும் உண்டு. கொடித்துண்டை விற்பவர் யார், வாங்குபவர் யார் என்று பார்க்க இடுக்கி விவசாயிக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.