அலமாரியில் ஒரு வெள்ளை பென்ஸ்

தாதாக்கள் செத்துப்போகிறார்கள். அவர்களுடைய கார்களுக்கு மட்டும் சாவே கிடையாது. 1934 மே மாதம் போனி, கிளைடு ஜோடி சுட்டுக் கொல்லப்பட்ட ஃபோர்டு வி-8 இன்று குண்டுத் துளைகள் சகிதம் பொம்மையாகக் கிடைக்கிறது.

கட்கியில் என் நண்பர் ஒருவர் இப்படிப்பட்ட மாடல்களைச் சேர்க்கிறார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர். பதினெட்டில் ஒரு பங்காகச் சுருங்கிய அவருடைய வெள்ளை மெர்சிடிஸ் பென்ஸின் நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். பெட்டியில் இருப்பது கம்பெனியின் பெயர் மட்டும்தான். "மஸ்தான் வண்டி" என்பது அவர் சூட்டிய பெயர்.

ராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்து, பம்பாய் துறைமுகத்தில் கூலியாக இருந்து, கடத்தல் மன்னனாக உயர்ந்தவர் ஹாஜி மஸ்தான். வெள்ளை உடையும் வெள்ளை பென்ஸும் அவருடைய அடையாளங்கள். அம்பாசடரும் ஃபியட்டுமே கதி என்று நாடு கிடந்த காலம் அது. வெளிநாட்டுக் கார் வைத்திருப்பதே ஒரு அதிகாரம். மஸ்தான் இறந்தது 1994இல். மெர்சிடிஸ் நிறுவனம் புனேயில் கால் பதித்ததும் அதே வருடம்தான். பிறகு பென்ஸ் வாங்கக் கடத்தல்காரனாக இருக்க வேண்டிய அவசியமில்லை, பணம் இருந்தால் போதும் என்றானது.

"மஸ்தான் யாரு தாத்தா?" என்று நண்பரின் பேரன் கேட்டான். "பெரிய மனுஷன்டா" என்றார் நண்பர். எனக்குச் சுருக்கென்றது.

மஸ்தான் துப்பாக்கி தூக்காதவர் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் தங்கமும் வெள்ளியும் இறக்கிப் பழகிய கொங்கண் கரையில், ராய்கட் மாவட்டத்தின் ஷேகாடியில்தான் 1993இல் ஆர்.டி.எக்ஸ். வந்து இறங்கியது. மார்ச் 12 அன்று மும்பையில் 257 பேர் மாண்டார்கள். கார்களிலும் ஸ்கூட்டர்களிலும்கூட குண்டு வைத்திருந்தார்கள். வொர்லியில் அநாதையாக நின்ற ஒரு மாருதி வேன்தான் போலீசுக்குத் துப்புக் கொடுத்தது. அந்த வேனை அலமாரியில் வைக்க என் நண்பருக்குத் தோன்றியதே இல்லை.

2015 டிசம்பரில் தாவூத் இப்ராஹிமின் ஹூண்டாய் ஆக்சென்ட் மும்பையில் 32,000 ரூபாய்க்கு ஏலம் போனது. வாங்கியவர் அதை காஜியாபாத்தில் கொளுத்தினார். எரிப்பதாலும் எதுவும் தீர்ந்துவிடாது. பொம்மை சேர்ப்பதில் தவறில்லை, பாதிக் கதையோடு நிறுத்துவதுதான் தவறு. வண்டியைக் காட்டுபவர் அது யார் காசில் ஓடியது என்பதையும் பேரனுக்குச் சொல்லட்டும்.