பொறிகளின் நாடி

பாடசாலையொன்றின் கணினி ஆய்வுகூடத்தைப் பேணும் பணி நம்முடையது. நாற்பது நிமிடப் பாடத்திலே ஒரு பொறி கண் திறவாவிடில் என்ன நேரும்? இரு பிள்ளைகள் ஒன்றின் முன் அமர்வர். துடுக்கானது விசைப்பலகையைப் பற்றிக்கொள்ளும். கூச்சமுள்ளது பார்த்திருந்துவிட்டு எழுந்து போகும். அப்பிள்ளையின் பொருட்டே முதல்நாள் மாலையில், வீட்டிலிருந்தவாறே பாடசாலைக் கணினியொன்றினுள் வலைவழியே நுழைந்து, மற்றவற்றை நலம் விசாரிக்கின்றோம்.

‘பிங்’ என்னும் சிறு கட்டளையே இதற்குக் கைகண்ட கருவி. 1983 டிசம்பரில் அமெரிக்கரான மைக் மூஸ் இதனை இயற்றினார். நீரடியில் மறைந்துள்ளதைத் தேடும் ஒலியலைக் கருவியின் ஓசையே இதற்குப் பெயராயிற்று. “உளையோ?” என்று கேட்கின்றோம், “உளேன்” என்று சில மில்லிசெக்கனில் மறுமொழி வருகின்றது. உறங்கும் பொறியை எழுப்பவும் வழியுண்டு. அதன் வலையட்டையின் முகவரியைப் பதினாறு முறை அடுக்கிய செய்தியொன்றை அனுப்பினால், அதற்கென முன்னரே ஆயத்தஞ் செய்யப்பட்ட பொறி விழித்துக்கொள்ளும். கும்பகர்ணனை எழுப்பிய பாடு இங்கில்லை. சுவராளியை எவரும் அணைத்துவிட்டுப் போகாதிருந்தாற் போதும்.

ஆயினும் மறுமொழி வந்தது கொண்டே நலமென்று துணிதல் ஆகாது. மௌனமும் மரணமன்று, தீச்சுவர் அதன் வாயைப் பொத்தியிருக்கலாம். நாடி பிடித்த வைத்தியர் நாக்கையும் நீட்டச் சொல்வாரன்றோ? நாம் பெரிதும் கவனிப்பது இணைப்பின் வேகத்தையே. வலைவடத்தினுள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாய் முறுக்குண்டு கிடக்கின்றன. 1000 மெகாபிட் வேகத்திற்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டிற்கு நான்கே போதும். நேற்றுவரை ஆயிரமென்றிருந்த இணைப்பு இன்று நூறென்று காட்டினால், கால் இடறியோ எலி கடித்தோ ஒரு கம்பி அறுந்திருக்கலாமென ஐயுறுகின்றோம். ‘பிங்’ கேட்டாலோ அப்பொறி முன்போலவே “உளேன்” என்றுதான் சொல்லும். வன்தட்டும் தன்னிற் பழுதுற்று ஒதுக்கிய பகுதிகளின் தொகையைக் குறித்து வைத்திருக்கும். அத்தொகை வாரந்தோறும் ஏறுமாயின், வேறொன்றுக்குச் சொல்லிவிடுவதே புத்தி.

விசைப்பலகையில் ஓர் எழுத்து அழுந்தாமற் போனதை மட்டும் வீட்டிலிருந்து அறியும் வகை நமக்கில்லை. ஆதலால் ஆய்வுகூடக் கதவருகே ஒரு கொப்பியைத் தொங்கவிட்டோம். பழுது கண்ட பிள்ளை பொறியின் எண்ணையும் குறையையும் அதில் எழுதலாம். முதலில் எவரும் எழுதவில்லை. பெயரிட வேண்டியதில்லை என்று அறிவித்த பின்னரே பக்கங்கள் நிறையத் தொடங்கின. ஏழாம் பொறியில் இடைவெளி விசை இறங்கினால் மீண்டும் எழும்புவதில்லையாம். நான்கு தவணையாய் அப்படித்தானாம்.