கூலி கேட்ட சிப்பாய்கள்

ஒரு நாட்டுப் படையின் வரலாற்றைப் படிக்கப் புகும்போது, நாம் தேடுவன போர்க்களங்களின் பெயர்களும் வெற்றி தோல்விகளுமே. போரிட்ட சிப்பாய்க்கு உரிய சம்பளம் போய்ச் சேர்ந்ததா என்று நாம் கேட்பதில்லை. செனகல் சிப்பாய்களின் வரலாற்றைப் படித்த பிறகு, முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்று நமக்குத் தோன்றுகின்றது.

1857-ஆம் ஆண்டில் செனகலின் பிரெஞ்சு ஆளுநர் பெதெர்பு, கறுப்பினத்தவரைக் கொண்டு ஒரு துப்பாக்கிப் படையை அமைத்தார். தொடக்கத்தில் அதில் சேர்க்கப்பட்டோரில் பலர் அடிமைகளாய் இருந்தவர்கள். பின்னர் மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் ஆள் திரட்டப்பட்ட போதும், 'செனகல் படை' என்ற பெயரே நிலைத்தது. இஸ்லாமியரும் அதில் திரளாக இருந்தனர். இப்படையைக் கொண்டே பிரான்சு பிற ஆப்பிரிக்க மக்களையும் அடக்கி ஆண்டது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. அடிமைப்பட்டவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, அவன் அண்டை வீட்டானை அடிமைப்படுத்தச் செய்வது ஏகாதிபத்தியத்தின் பழைய தந்திரம் அன்றோ!

முதல் உலகப்போரில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரட்டப்பட்டோர் ஏறத்தாழ 2,00,000 பேர். மாண்டோர் ஏறத்தாழ 30,000 பேர். பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பின ஆப்பிரிக்க உறுப்பினரான பிளேஸ் தியாஞ், 1918-இல் தாமே ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டினார். இரத்தம் சிந்தினால் உரிமை கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த விடையை 1944-இல் காண்கின்றோம். ஜெர்மானியரிடம் போர்க்கைதிகளாய் இருந்து மீண்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள், டாக்கர் நகருக்கு அருகிலுள்ள தியாரோய் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். சிறையிலிருந்த காலத்துக்குரிய நிலுவைச் சம்பளத்தை அவர்கள் கேட்டனர். டிசம்பர் முதல் நாள் விடியற்காலையில் பிரெஞ்சு அதிகாரிகளின் ஆணைப்படி அவர்கள்மீது குண்டு பொழியப்பட்டது. இறந்தோர் 35 பேர் என்றது அன்றைய அறிக்கை. உண்மைத் தொகை அதனினும் பன்மடங்கு என்பர் வரலாற்றறிஞர் பலர். உயிர் தப்பியோரில் 34 பேர் கலகக்காரர் என்று தண்டிக்கப்பட்டனர். தாமும் அப்படையில் பணியாற்றிய உஸ்மான் செம்பேன், 1988-இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றில் இக்கொடுமையை உலகறியச் செய்தார். அது படுகொலையே என்று பிரெஞ்சு அதிபர் எழுத்தில் ஒப்புக்கொண்டது 2024-இல்தான். இடையே 80 ஆண்டுகள்!

துப்பாக்கியால் மறுக்கப்பட்டது பின்னர் சட்டத்தாலும் மறுக்கப்பட்டது. 1959 டிசம்பரில் பிரான்சு இயற்றிய சட்டம், விடுதலை பெறும் நாடுகளின் முன்னாள் வீரர்களுக்கு ஓய்வூதியத்தை அப்படியே உறையச் செய்தது. விலைவாசி ஏறிற்று, ஊதியம் ஏறவில்லை. ஒரே பதுங்குகுழியில் கிடந்த இருவருள், பிரெஞ்சுக்காரனுக்கு ஒரு தொகை, செனகல்காரனுக்கு அதில் ஒரு சிறு பங்கு. இவ்வேற்றுமையைக் களையும் முடிவு 2006-இல்தான் எடுக்கப்பட்டது. எஞ்சியிருந்தவை 2011-இல் சமன் செய்யப்பட்டன. அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போய்விட்டனர்! முதல் உலகப்போரில் போரிட்ட அப்துல்லாஹ் என்தியாய் என்னும் முதியவருக்கு 1998 நவம்பர் 11-இல் பிரான்சின் உயர் விருது வழங்கப்பட இருந்தது. அதற்கு முந்தைய நாளே, 104-ஆம் வயதில், அவர் கண்ணை மூடினார்.

1960-இல் செனகல் விடுதலை பெற்றது. அண்டை நாடுகள் பலவற்றில் படைத்தளபதிகள் ஆட்சியைப் பறித்தபோதும், செனகல் படை இன்றளவும் ஆட்சியைக் கைப்பற்றியதில்லை. 2025 ஜூலையில் கடைசிப் பிரெஞ்சுத் தளமும் அந்நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

வீரனுக்குச் சிலை வைப்பது எளிது. விழா எடுப்பது அதனினும் எளிது. அவன் கணக்கைத் தீர்ப்பதே அரிது. தியாரோய்ச் சிப்பாய்கள் கேட்டது புகழையன்று, பதக்கத்தையுமன்று. உழைத்த கூலியை மட்டுமே. அதைத் தர மறுத்த கை, பின்னர் எத்தனை மாலைகளைச் சூட்டினாலும், அந்தக் கணக்கு தீராது என்பதே நமது துணிபு.